ஃபிரிட்ஜின் இடது பக்கம்

செம்பூர் ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் அந்தக் கடையில் ஃபிரிட்ஜுகள் நிற்கிற தினுசைப் பார்த்தால் காலை நேரத்து ஹார்பர் லைன் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். தோளோடு தோள் ஒட்டி, நடுவில் விரல் நுழையவும் இடமில்லாமல் இருபது இருபத்தைந்து ஃபிரிட்ஜுகள். எல்லாம் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. சிவப்பில் பூப்போட்டது, கண்ணாடி பதித்தது, எஃகு போல மினுக்கியது என்று முகத்துக்கு முகம் ஒரு அலங்காரம்.

"இதைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டுங்கள். பக்கவாட்டைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

விற்பனைப் பையனுக்குப் புரியவில்லை. கதவைத் திறந்து காய்கறித் தட்டைக் காட்டினான். முட்டை வைக்கும் இடத்தைக் காட்டினான். கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர லேபிளைக் காட்டி, கரண்ட் பில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டான். நான் மறுபடியும் பக்கவாட்டைக் கேட்டதும், "சைட் கௌன் தேக்தா ஹை, ஆன்ட்டி?" என்றான். பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறான். கூட வந்திருந்த என் கணவரும் ஃபிரிட்ஜ் கட்சியை விட்டுக் கடைக்காரர் கட்சிக்குத் தாவி, "அதானே?" என்றார்.

எங்கள் வீட்டில் பக்கத்தைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். என் மாமியார். இது நடந்தது 2023 நவம்பரில். அப்போது அவருக்கு வயது 84.

முதலில் சமையலறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்த கட்டடம், அறுபதுகளில் கட்டிய நாலு மாடிக்காரன், லிஃப்ட் கிடையாது. மும்பையில் இந்த வயதுக் கட்டடங்களுக்கெல்லாம் வருகிற விதி அதற்கும் வந்தது. பில்டர் வந்தார், சொசைட்டி கூட்டம் மாதக்கணக்கில் நடந்தது, 2019-ல் எல்லாரும் காலி செய்துகொண்டு வாடகை வீடுகளுக்குப் போனோம். இரண்டு வருஷத்தில் முடியும் என்ற கட்டடம் கொரோனாவில் சிக்கி நாலு வருஷம் இழுத்தது. புது வீட்டின் வரைபடத்தைக் காட்டியபோது சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் இல்லை. "ஓப்பன் கிச்சன்" என்றார்கள். ஓட்டா முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சதுரம் வரைந்து, அதற்குள் "ரெஃப்" என்று மூன்று எழுத்துப் போட்டிருந்தார் ஆர்க்கிடெக்ட். (மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஓட்டா என்றால் சமையல் மேடை. இங்கே நாற்பது வருஷம் இருந்தால் மேடை என்ற வார்த்தை அரசியல் கூட்டத்துக்கு மட்டும்தான் ஞாபகம் வருகிறது.)

அந்தச் சதுரத்தில்தான் எல்லா வம்பும். ஃபிரிட்ஜின் வலது பக்கம் ஓட்டாவை ஒட்டி நிற்கும். இடது பக்கம் முழுதாக ஹாலைப் பார்த்தபடி நிற்கும். வாசல் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது சோபா இல்லை, சாமி படம் இல்லை, ஐந்தடி உயரமும் இரண்டடிக்கு மேல் அகலமும் உள்ள ஒரு தகரப் பரப்பு. வலது பக்கமும் தப்பாது. நம் ஊர் மேடைகள் இரண்டடி ஆழம். இரண்டு கதவு ஃபிரிட்ஜ் 26, 27 அங்குல ஆழம் இருக்கும். பின்னால் காற்றுக்கு இரண்டு மூன்று அங்குலம் விட்டால், மேடையைத் தாண்டி அரையடி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகுதான் தெரியும்.

பழைய வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. அப்போது ஃபிரிட்ஜுக்கு முகம் வேறு, பக்கம் வேறு என்று இருந்ததில்லை.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய் வந்தது 1986-ல். அன்றைக்கு ஃபிரிட்ஜ் என்பது அரசாங்கத்தின் கண்ணில் ஆடம்பரப் பொருள், வரி அப்படித் தீட்டியிருந்தார்கள். பக்கத்து விக்ரோலியைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்ரெஜ் 1958-லேயே ஃபிரிட்ஜ் செய்ய ஆரம்பித்துவிட்டது. கெல்வினேட்டரின் பெங்குவினை விளம்பரத்தில் பார்க்காதவர் கிடையாது. ஹைதராபாதிலிருந்து ஆல்வின் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் எங்கள் மாடியில் எட்டு வீட்டுக்கு இரண்டு ஃபிரிட்ஜ்தான். மாமனார் 1988-ல் காலமான பிறகு அத்தை ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். மறு வருஷம் என் கணவர் ட்ராம்பேயில் வேலை பார்த்த தொழிற்சாலையின் கிரெடிட் சொசைட்டியில் கடன் எடுத்து 165 லிட்டர், ஒற்றைக் கதவு, வெள்ளை நிற ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கினார். நாலு பேர் மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். அத்தை அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

முகம், பக்கம், தலை எல்லாம் ஒரே வெள்ளை. ஒரே எனாமல். பின்னால் மட்டும் கறுப்புக் கம்பி வலை. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

வீடு ஒரு அறை, ஒரு சமையலறை. ஃபிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவே கதவோரத்தில் நின்றது. அதன் இடது பக்கம் அத்தையின் கணக்குப் புத்தகம் ஆனது என் மகளால். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது நீலக் கிரேயானால் அதில் ஒரு யானை போட்டுவிட்டாள். அடிக்கப் போன என்னைத் தடுத்த அத்தை, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பார்த்தார். சுத்தமாகப் போய்விட்டது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தக் கிரேயானை அத்தை எடுத்துக்கொண்டார். பால் வந்தால் அரை லிட்டருக்கு ஒரு கோடு. நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே. கோட்டுக்குக் கீழே இஸ்திரிக்காரனுக்குப் போன துணி எண்ணிக்கை. அதற்கும் கீழே காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி. மாதம் முடிந்தால் எண்ணெய்த் துணி. அத்தை நாலாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் பால்காரனோடு அவருக்குக் கணக்கில் தகராறு வந்து, அத்தை தோற்று நான் பார்த்ததில்லை.

பிறகு அதில் மற்றவையும் சேர்ந்தன. மகளின் உயரம் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு கோடு. அது பென்சில், துடைக்கக் கூடாது. ஊர் டெலிபோன் நம்பர்கள். காந்தத்தில் தொங்கும் ரேஷன் சீட்டு. சேடா நகர் முருகன் கோயிலில் தந்த காலண்டர். அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு எந்த மாத்திரை எப்போது என்ற பட்டியல். மழைக்காலத்து ஈரத்தில் அடித்தகடு துருப்பிடிக்கும். என் கணவர் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளை அடிப்பார். உயரக் கோடுகள் இருந்த இடத்தை மட்டும் தாண்டி அடிப்பார்.

அந்த ஃபிரிட்ஜ் வாடகை வீட்டுக்கும் வந்து, 2021 ஆகஸ்டில் 32 வயதில் நின்றுபோனது. மெக்கானிக் கம்ப்ரஸரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் இருக்கிற காஸ் இப்போது கிடைக்காது" என்றார். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு உலகமே கைகழுவிய காஸ் அது. இந்தியாவில் 2010-க்குள் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. நானும் ஓசோனுக்கு விரோதி இல்லை. ஆனால் பங்கார்வாலா வந்து வண்டியில் ஏற்றியபோது அத்தை வாசலில் நின்று, "ஏளா, பால் கணக்கு போவுதே" என்றார். பால் அப்போதே பாக்கெட்டாகி, செல்போனில் பணம் கட்டி வருஷக்கணக்காகியிருந்தது. அவர் சொன்னதை அன்றைக்கு நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவசரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினோம். கடைக்குப் போகப் பயந்த நாட்கள். என் மகள் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டரில் பார்த்து ஆர்டர் போட்டாள். படத்தில் முகம் மட்டும் இருந்தது. கருஞ்சிவப்புக் கண்ணாடி, அதில் வெள்ளிப் பூ. வந்து இறங்கியதும் பார்த்தால் பக்கங்கள் கறுப்புக்கு ஒரு படி குறைந்த சாம்பல், அதுவும் பளபளப்பாக. ஃபிரிட்ஜில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்தில் ஐஸ் கட்டி வந்துவிடும்.

அத்தை அதில் நீலக் கிரேயானால் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். தெரியவில்லை. மாத்திரைப் பட்டியலைக் காந்தத்தோடு கதவில் வைத்தேன். கண்ணாடியில் காந்தம் எங்கே நிற்கும்? கீழே விழுந்தது. பக்கத்தில் வைத்தேன், நின்றது. ஆனால் கறுப்பில் பதித்த காகிதம் அத்தையின் கண்ணுக்கு அந்தரத்தில் தொங்கியதோ என்னவோ, அதை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. "பால் வந்துட்டா?" என்று காலையில் மூன்று முறை கேட்க ஆரம்பித்தார். வயது என்று நினைத்தோம்.

2022 ஜனவரியில் ஓர் இரவு சத்தம் கேட்டு எழுந்தால் அத்தை ஃபிரிட்ஜ் அருகே தரையில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் ரத்தம். இடது பக்கத் தகட்டில் நேராகப் போய் முட்டியிருக்கிறார். தள்ளாடி விழுந்து முட்டியதில்லை, நடந்துபோய் முட்டியது. "கதவு தொறந்துதான கெடந்துச்சு. யாரு அடைச்சா?" என்று கேட்டார். எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்று தையல். அப்புறம்தான் முதியோர் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். டிமென்ஷியா தொடங்கியிருக்கிறது என்றார். மருந்து எழுதினார். பிறகு, எந்த இடத்தில் முட்டினார் என்று விவரமாகக் கேட்டார். நான் ஃபிரிட்ஜைச் சொன்னதும், "பக்கம் என்ன நிறம்?" என்றார். என் வாழ்க்கையில் ஒரு டாக்டர் கேட்டு நான் வியந்த கேள்வி அது ஒன்றுதான்.

அவர் சொன்னது இது. இந்த நோயில் கண் சரியாக இருந்தாலும், கண் பார்த்ததை மூளை அர்த்தப்படுத்துவதில் பிசகு வரும். தரையில் கறுப்பு மிதியடி கிடந்தால் சிலர் அதைக் குழி என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள். மங்கலான வெளிச்சத்தில், வெளிர் சுவருக்கு நடுவே ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பரப்பு நின்றால் அது திறந்த கதவு மாதிரித் தெரியலாம். பளபளப்பு இருந்தால் இன்னும் தொல்லை, தன் பிம்பத்தையே வேறு யாரோ என்று நினைத்துப் பயப்படுவார்கள். சுவர் ஒரு நிறம், அதன் முன் நிற்கும் பொருள் வேறு நிறம், இரண்டும் மினுமினுக்காமல் இருக்க வேண்டும். பழகிய பொருள், பழகிய இடத்தில், பழகிய நிறத்தில் இருந்தால் நல்லது.

32 வருஷம் கதவோரத்தில் வெள்ளையாக நின்ற ஒன்றை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஓர் இருட்டை வாங்கி வைத்திருந்தோம்.

வாடகை வீட்டில் ஃபிரிட்ஜை ஒரு மூலைக்குத் தள்ளிச் சமாளித்தோம். புது வீட்டில் மூலை கிடையாது, அந்த "ரெஃப்" சதுரம்தான். மற்ற இடத்தில் பிளக் பாயின்ட்டும் இல்லை. இரண்டு வருஷம்கூட முழுதாக ஓடாத ஃபிரிட்ஜை மாற்றுவதா என்று என் கணவர் கேட்டது நியாயமான கேள்விதான். 27,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. அதனால் செலவில்லாத வழிகளை முதலில் முயன்றோம்.

முதல் வழி, வெள்ளை வினைல் ஒட்டுத்தாள். நானும் அவரும் ஒரு ஞாயிறு முழுக்க ஸ்கேலால் நீவி நீவி ஒட்டினோம். ஒரு மாதம் அழகாக இருந்தது. ஏப்ரல் பிறந்ததும் நடுவில் அப்பளம் மாதிரி உப்பத் தொடங்கியது. ஓரங்கள் சுருண்டன. அத்தைக்குச் சுருண்ட ஓரத்தைப் பிடித்து உரிப்பது ஒரு வேலையாகிவிட்டது. மே மாதம் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக, தோல் உரிகிற பாம்பைப் போல் நின்றது ஃபிரிட்ஜ்.

ஏன் உப்பியது என்று மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைக்கச் சொன்னார். சூடு. பழைய ஃபிரிட்ஜில் உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுவதற்குப் பின்னால் கறுப்புக் கம்பி வலை இருந்தது அல்லவா? இப்போது பெரும்பாலான ஃபிரிட்ஜுகளில் அந்தக் குழாயைப் பக்கத் தகட்டுக்கு உட்புறமாக ஒட்டிவைத்து விடுகிறார்கள். பின்பக்கம் மழுங்கலாக, தூசி சேராமல், பார்க்க நன்றாக இருக்கிறது. சூடு பக்கம் வழியாக வெளியேறுகிறது. கோடையில் தொட்டால் காபி டம்ளர் சூடு இருக்கும். அது கோளாறு இல்லை, அதன் மூச்சே அதுதான்.

இரண்டாவது வழி, தச்சர். பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, சமையலறை அலமாரிக்குப் போட்டிருக்கும் கிரீம் சன்மைக்காவையே மேலே ஒட்டி, ஃபிரிட்ஜை அதற்குள் நுழைத்துவிடலாம் என்று மிஸ்திரி ஒருவர் யோசனை சொன்னார். பார்க்க ராஜா வீட்டு அலமாரி மாதிரி இருக்கும். எதிர் ஃபிளாட் குஜராத்திக் குடும்பம் அப்படித்தான் செய்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபிரிட்ஜின் மோட்டார் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மூன்று பக்கமும் அடைத்த பெட்டிக்குள் அது விட்ட சூடு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கரண்ட் பில்லைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் சில அங்குலம் இடம் விட்டு, மேலே திறந்து வைத்தால் பெட்டி அடிக்கலாம், தப்பில்லை. எங்கள் சதுரம் 30 அங்குலம். ஃபிரிட்ஜ் 23. மீதி ஏழில் இரண்டு பக்கமும் பிளைவுட் கனம் போக இடைவெளி விட்டால் ஹாலுக்குப் போகும் வழியில் பெட்டியின் ஓரம் கூர்மையாக நீட்டிக்கொண்டு நிற்கும். முட்டிக்கொள்ள இன்னொரு இடம்.

ஆக, வெளிர் நிறப் பக்கங்கள் உள்ள ஒரு ஃபிரிட்ஜை வாங்குவது என்று முடிவானது. கறுப்பு ஃபிரிட்ஜைத் தெரிந்த பையன் ஒருவன் புதுக் குடித்தனத்துக்கு எடுத்துக்கொண்டான்.

இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். வியாபாரத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வகையறாவுக்கு "ஒயிட் குட்ஸ்" என்றே பெயர். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஆறு கடை ஏறி இறங்கினேன். ஒயிட் குட்ஸ் கடையில் ஒயிட்டைத் தவிர எல்லாம் இருந்தது. "வெள்ளை யாரும் கேட்பதில்லை, அழுக்குத் தெரியும்" என்றார் ஒரு கடைக்காரர். அழுக்குத் தெரிந்தால்தானே துடைப்போம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்தேன்.

பக்கங்களைப் பற்றி இந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முகத்தில் எத்தனை நிறம் இருந்தாலும் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டே வகைதான்: கருஞ்சாம்பல், அல்லது வெள்ளிச் சாம்பல். ஒரே மாடலில் முகத்தின் நிறத்தை ஒட்டிப் பக்கமும் மாறலாம். ஆகவே படத்தைப் பார்த்தோ, பக்கத்துக் கடையில் பார்த்ததை நம்பியோ வாங்கக் கூடாது. எஃகு என்று சொல்லப்படும் முகங்களில் பல, எஃகு போலத் தோற்றம் தரும் பூச்சுதான். உண்மை எஃகிலும் ஒரு ரகம் காந்தத்தைப் பிடிக்கும், ஒரு ரகம் பிடிக்காது. பக்கம் சாதாரண இரும்புத் தகடு என்பதால் பிடித்துவிடும். சில கம்பெனிகள் பக்கத் தகட்டில் பொடிப்பொடியாக மேடு தட்டி விடுகின்றன. கைரேகை தெரியாது, ஆனால் எழுதவும் முடியாது, எழுதினால் துடைக்கவும் முடியாது. கடை வெளிச்சம் சமையலறை வெளிச்சம் இல்லை. அந்த வெள்ளைவெளேர் விளக்கில் எல்லாச் சாம்பலும் வெளிராகத் தெரியும். வீட்டு அலமாரிச் சன்மைக்காவில் ஒரு துண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கூடவே ஒரு காந்தம், ஒரு நீலக் கிரேயான், எண்ணெய் தொட்ட சின்னத் துணி.

கிரேயானை எடுத்து டிஸ்ப்ளே ஃபிரிட்ஜின் பக்கத்தில், கீழ் ஓரமாக ஒரு கோடு கிழித்தபோது அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேனேஜர் வந்தார். என் கணவர் ஏசி பார்க்கிறவர் போல அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் துணியால் துடைத்துக் காட்டிவிட்டு, எதற்காக என்பதையும் சொன்னேன். மேனேஜர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையனிடம் மராட்டியில் ஏதோ சொன்னார். இரண்டு பேர் வரிசையைக் கலைத்து ஒவ்வொரு ஃபிரிட்ஜாக வெளியே இழுத்தார்கள். "என் அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றார் மேனேஜர், என்னைப் பார்க்காமல்.

கிடைத்தது கோடவுனில் இருந்த போன வருஷ மாடல். இரண்டு கதவு, முகம் சும்மா வெள்ளிச் சாம்பல், பூ இல்லை. பக்கம் சாம்பல் கலந்த வெள்ளை, பளபளப்பில்லாமல், வழவழவென்று. காந்தம் நின்றது. கோடு தெரிந்தது, துடைத்தால் போனது. 28,500 ரூபாய், வரி 18 சதவிகிதம் உள்பட. 2018 ஜூலைக்கு முன் வாங்கியிருந்தால் 28 சதவிகிதம். அந்த மட்டில் ஆடம்பரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வீட்டில் நிறுத்திப் பார்த்தபோது இன்னொரு கூத்து. பில்டர் சமையலறைச் சுவர் முழுக்க வெள்ளை டைல் ஒட்டியிருந்தார். வெள்ளைச் சுவர், வெள்ளை ஃபிரிட்ஜ். இப்போது அது கதவாகத் தெரியாது, ஆனால் இருப்பதே தெரியாது. ஹாலிலிருந்து பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று எனக்கே மயங்கியது. டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பொருளின் நிறத்தைப் பார்த்தேன், அதன் பின்னால் இருக்கும் நிறத்தை விட்டுவிட்டேன். சமையலறைக்குப் பொருத்தமான ஃபிரிட்ஜைத் தேடி ஆறு கடை அலைந்தாயிற்று, இனி ஃபிரிட்ஜுக்குப் பொருத்தமாகச் சமையலறையை மாற்ற வேண்டியதுதான்.

பெயின்ட் அட்டையை அத்தையிடமே கொடுத்தோம். அவர் விரல் நேராகக் கிளிப்பச்சையில் போய் நின்றது. "அம்மா, இது கொஞ்சம் அதிகமா இல்லையா?" என்று மகன் கெஞ்சினார். "நம்ம வீட்டு ஜன்னல்லா இது" என்றார் அத்தை. அம்பாசமுத்திரத்து வீட்டு ஜன்னல் கதவுகள் அந்த நிறம்தான், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஃபிரிட்ஜைச் சுற்றித் தெரியும் சுவரில் மட்டும் டைலை எடுத்துப் பூசிக் கிளிப்பச்சை அடித்தோம். என் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, என்ன இது, பஸ் ஸ்டாண்டு மாதிரி!" என்றாள். தரையோரம் ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கும் போட்டோம். மாத்திரைப் பட்டியல், முருகன் காலண்டர், என் மகளின் போட்டோ எல்லாம் இடது பக்கத்துக்குப் போயின. உயரக் கோடுகளை நாங்கள் எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை. அவை பங்கார்வாலாவோடு போனது போனதுதான்.

முதல் நாள் அத்தை பக்கத்தில் போய் நின்று, உள்ளங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, இதுக்குக் காய்ச்சல்லா அடிக்கு."

"காய்ச்சல் இல்லை அத்தை. உள்ள குளிர வைக்கணும்னா சூட்டை வெளிய விடணும்லா, அதான்."

"ஓஹோ" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கை வைத்துப் பார்த்து, மறுபடியும் கூப்பிட்டார். இப்போது அது தினசரி வழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் நேராகப் போய்த் தகட்டில் கை வைக்கிறார். இன்றைக்குத் தேவலை என்றோ, இன்னும் விடவில்லை என்றோ சொல்கிறார். முட்டிக்கொள்வதில்லை.

கிரேயானை ஒரு நூலில் கட்டிக் காந்தத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பால் கோடு போடுகிறார். நாலு கிழித்து ஐந்தாவது குறுக்கே, அதில் பிசகே இல்லை. ஆனால் பால் வரும்போது மட்டும் போடுகிறார் என்றில்லை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று போடுகிறார். போன மாதக் கணக்குப்படி நாங்கள் மூன்று பேரும் 140 லிட்டர் பால் குடித்திருக்கிறோம். மாதக் கடைசியில் இவர்தான் எண்ணிப் பார்த்து, "சரியா இருக்கும்மா, பணம் கொடுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்த் துணியால் துடைக்கிறார்.